வாசகர் கேள்விகள்: கிறிஸ்துவின் இயல்பும் மீட்பும்

திருச்சபையின் ஆயர்கள் ஒன்றுகூடிய நிசேயா பொதுச்சங்கம் நடந்து 1700 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி நாம் வெளியிட்ட கட்டுரையைப் படித்த வாசகர்கள் பல கேள்விகளை அனுப்பியிருந்தார்கள். அவற்றுள் ஒரே பொருளைச் சார்ந்த சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஞாயிறு திருப்பலியின் நம்பிக்கை அறிக்கையில் கிறிஸ்துவைப் பற்றி ‘உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று சிறுவயது முதல் சொல்லிவருகிறேன். உதிப்பதற்கும் உண்டாக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டுக்காகவா ஒரு சங்கத்தையே கூட்டினார்கள்? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

ஆம், பெரும்பாலும் அதற்காகத்தான். அந்த ஒரு வரிக்குள் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வழக்கு அடங்கியிருக்கிறது.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் பவுக்காலிஸ் என்னும் ஆலயத்தின் குருவாக இருந்தவர் ஆரியுஸ். கடவுள் ஒருவரே தொடக்கமற்றவர் என்ற நம்பிக்கையை எள்ளளவும் விட்டுக்கொடுக்க அவர் விரும்பவில்லை. மகன் என்றால் தந்தையிடமிருந்து வந்தவர். வந்தவருக்குத் தொடக்கம் இருந்தே ஆக வேண்டும். ஆகவே ‘அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது’ என்பது அவருடைய வாதம். நீதிமொழிகள் நூலின் 8-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் தம் செயல்களின் தொடக்கத்தில் தன்னை உண்டாக்கினார் என்று ஞானம் பேசுகிறதே, அந்த ஞானம் கிறிஸ்துவே என்று எல்லாரும் அன்று ஒப்புக்கொண்டிருந்ததால், அந்த வசனம் ஆரியுஸ் தரப்புக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது. மற்ற அனைத்தையும் படைப்பதற்கென்றே இல்லாமையிலிருந்து முதலில் தோற்றுவிக்கப்பட்ட உன்னதமான படைப்பு மகன் என்று அவர் போதித்தார். மாலுமிகளும் திரிகை அரைப்போரும் வழிப்போக்கரும் பாடுவதற்கேற்ற பாட்டுகளாகவே அதை அவர் கட்டிக்கொடுத்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

இதை மறுத்தவர்களின் அக்கறை தத்துவ நுணுக்கத்தோடு நின்றுவிடவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நிசேயாவுக்குத் தம் ஆயரின் திருத்தொண்டராகச் சென்று, 328-இல் தாமே அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் திரும்பத் திரும்ப எழுப்பியது ஒரே வினாதான்: படைக்கப்பட்ட ஒருவர் மற்றப் படைப்புகளை எப்படிக் கடவுளோடு இணைக்க முடியும்? கிறிஸ்து எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் படைப்பே என்றால், அவரும் கடவுளுக்கு இப்பால் நம் பக்கத்தில் நிற்பவரே. அவருடைய பெயரால் திருமுழுக்குப் பெறுவது ஒரு படைப்பின் பெயரால் பெறுவதாகிவிடும். அவரை வணங்குவது சிலைவழிபாட்டுக்கு ஒப்பாகிவிடும். நாம் இறைத்தன்மையில் பங்குபெறுவதற்காகவே இறைவன் மனிதரானார் என்பது, மனிதராதலைப் பற்றிய அத்தனாசியுஸின் நூலின் மையக்கருத்து. மீட்பு என்பது குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைப்பதோடு முடிந்துவிடுவதன்று. அழிவுக்குரிய மனித இயல்புக்கு அழியாமை ஊட்டப்படுவது என்று அவர் கருதியதால், அதை ஊட்டுபவரிடம் அந்த அழியாமை இரவலாக அன்றி இயல்பாகவே இருந்தாக வேண்டும் என்று வலியுறுத்தினார்.

325-இல் இன்றைய துருக்கியில் உள்ள நிசேயாவில் கூடிய ஆயர்கள், தந்தைக்கும் மகனுக்கும் உள்ளியல்பு ஒன்றே என்னும் கருத்தில் ‘ஒரே பொருள்’ என்ற சொல்லை ஏற்றபோது, பலர் தயக்கத்தோடுதான் ஏற்றார்கள். அது மறைநூலில் இல்லாத சொல். அது மட்டுமன்றி, தந்தையும் மகனும் ஒருவரே என்று குழப்புவோருக்கு அது இடங்கொடுக்கும் என்ற அச்சமும் இருந்தது. இறுதியில் ஆரியுஸோடு சேர்ந்து கையெழுத்திட மறுத்து நாடுகடத்தப்பட்டவர்கள் லிபியாவைச் சேர்ந்த செக்குந்துஸ், தெயோனாஸ் என்னும் இரண்டு ஆயர்கள் மட்டுமே. ஆனால் வழக்கு முடியவில்லை. அடுத்தடுத்து வந்த பேரரசர்கள் எதிர்ப்பக்கம் சாய, அத்தனாசியுஸ் ஐந்து முறை தம் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 17 ஆண்டுகளை அவர் அவ்வாறு கழித்தார். 381-இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கத்தோடு தொடர்புடைய, நம்பிக்கை அறிக்கையின் விரிந்த வடிவத்தைத்தான் நீங்கள் ஞாயிறுதோறும் சொல்கிறீர்கள். 325-இன் மூல அறிக்கை தூய ஆவியைப் பற்றி ஒரே சொற்றொடரோடு நின்று, ஆரியுஸின் கூற்றுகளைச் சொல்வோருக்குச் சாபமிட்டு முடிகிறது. அந்தச் சாபம் வழிபாட்டுக்குள் வராமல் போனது நல்லதே.

இயேசுவைக் கடவுளாக்கியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்றும், நிசேயாவில் வாக்கெடுப்பு நடத்தி அதை நிறைவேற்றினார் என்றும் ஒரு காணொளியில் கண்டேன். உண்மையா? (வாசகர், மதுரை)

உண்மையன்று. நிசேயாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, ஏறத்தாழ 112-இல், பித்தினியா மாநிலத்தின் ஆளுநராக இருந்த பிளினி, அங்கிருந்த கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசர் திராஜானுக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவுக்குக் கடவுளுக்குப் பாடுவதுபோலத் துதிப்பாடல் பாடுவது அவர்கள் வழக்கம் என்று அதில் காண்கிறோம். எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர். பணிவிடைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்து உண்மையை வரவழைக்க முயன்ற அதிகாரி. நிசேயா நகரமும் அதே பித்தினியாவில்தான் இருக்கிறது.

கான்ஸ்டன்டைனுக்கு வேண்டியிருந்தது அமைதி. சங்கத்தைக் கூட்டுமுன் அவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் அலெக்சாந்தருக்கும் ஆரியுஸுக்கும் சேர்த்து எழுதிய கடிதத்தில், இவ்வளவு அற்பமான விஷயத்துக்காகவா சண்டையிட்டுக்கொள்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். பின்னாளில் ஆரியுஸை அவரே திரும்ப அழைத்தார்; அத்தனாசியுஸை 335-இல் மேற்கே திரியர் நகருக்கு அனுப்பியவரும் அவரே; 337-இல் மரணப் படுக்கையில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் ஆரியுஸின் நெடுநாள் ஆதரவாளரான நிக்கொமேதியா ஆயர் எவுசேபியுஸ். கிறிஸ்துவின் இறைத்தன்மையை நிலைநாட்டத் திட்டமிட்ட ஒருவர் நடந்துகொள்ளும் முறையா இது? சங்கத்தைக் கூட்டியதிலும் அதன் முடிவைச் சட்டமாக்கியதிலும் பேரரசின் கை இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கை எந்தப் பக்கம் தள்ளியது என்று ஆண்டுவாரியாகப் பார்த்தால், 325-க்குப் பின் பெரும்பகுதிக் காலம் நிசேயாவுக்கு எதிராகவே தள்ளியது தெரியவரும்.

கடவுள் மனித வடிவில் தோன்றினார், போதித்தார், மறைந்தார் என்று கொண்டால் போதாதா? அவருக்கு மனித உடல், மனித மனம் எல்லாம் முழுமையாக இருந்தாக வேண்டும் என்று முன்னோர்கள் ஏன் பிடிவாதம் பிடித்தார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி. உண்மையில் ஆரியுஸுக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்னரே எழுந்தது இதுதான். முதல் தலைமுறைகளில் கிறிஸ்துவின் இறைத்தன்மையைவிட அவருடைய உடலைத்தான் பலரால் நம்ப முடியவில்லை. பருப்பொருள் இழிவானது, இறைவன் அதைத் தொடமாட்டார் என்று எண்ணியவர்கள், அவர் உடல் உள்ளவர்போலத் தோன்றினார், துன்புற்றவர்போலத் தோன்றினார் என்றார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனைக்காக உரோமைக்குச் சங்கிலியில் கட்டி இழுத்துச் செல்லப்பட்ட அந்தியோக்கியாவின் ஆயர் இக்னாசியார், வழியில் எழுதிய கடிதங்களில் இவர்களைச் சினத்தோடு எதிர்கொள்கிறார். அவர் துன்புற்றது வெறும் தோற்றம் என்றால் நான் எதற்காக இந்தச் சங்கிலியில் கிடக்கிறேன், எதற்காக விலங்குகளோடு போராட வேண்டும் என்று கேட்கிறார். கிறிஸ்துவின் துன்பம் மெய்யாக இல்லாவிட்டால் தம் துன்பமும் பொருளற்றதாகும் என்பது அவருக்கு ஏட்டுவாதமாக இருந்திருக்க முடியாது.

இதை ஒரு முழுமையான சிந்தனையாக வளர்த்தவர் இரனேயு. ஆசியாவில் சிமிர்னா நகரில் முதிய ஆயர் போலிக்கார்ப்பின் போதனையைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்து, பின்னர் இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரின் ஆயரானவர். ஆதாம் நடந்த வழியைக் கிறிஸ்து மீண்டும் முதலிலிருந்து நடந்து, எங்கெல்லாம் ஆதாம் தவறினாரோ அங்கெல்லாம் கீழ்ப்படிந்து, மனிதகுலத்தைத் தம்மைத் தலையாகக் கொண்டு மறுபடி ஒன்றுசேர்த்தார் என்பது ஏறத்தாழ 180-இல் அவர் எழுதிய நூலின் சாரம். ஏவாளின் கீழ்ப்படியாமை போட்ட முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்பதும் அவர் சொன்னதே. குழந்தைகளுக்காகக் குழந்தையாகி, சிறுவருக்காகச் சிறுவராகி, ஒவ்வொரு வயதையும் வாழ்ந்து அதைப் புனிதமாக்கினார் என்று விரித்துக்கொண்டே போகும் இரனேயு, முதியவர்களை விட்டுவிடக் கூடாதே என்பதற்காக இயேசு ஏறத்தாழ ஐம்பது வயதை எட்டினார் என்று வாதிடும் அளவுக்குச் சென்றுவிட்டார். வரலாறாக அது தேறாது. ஆனால் அவருடைய உள்ளம் எதைப் பற்றிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கிறிஸ்து வாழாத பருவம் ஒன்று இருந்தால், அந்தப் பருவத்தில் நிற்பவருக்கு மீட்பு எட்டாது என்று அவர் அஞ்சினார்.

உடலைப் பற்றிய ஐயம் அடங்கியபின் நான்காம் நூற்றாண்டில் மனத்தைப் பற்றிய கேள்வி எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அதை எழுப்பியவர் ஆரியுஸின் ஆதரவாளர் அல்லர். நிசேயாவின் உறுதியான காவலரும் அத்தனாசியுஸின் நண்பருமான இலவோதிக்கேயா ஆயர் அப்போலினாரிஸ். முழுமையான இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒன்றாக முடியாது என்றும், மனித மனம் நிலையற்றது, பாவத்துக்குச் சாய்வது என்றும் கருதிய அவர், கிறிஸ்துவிடம் மனித உடலும் உயிரும் இருந்தன, ஆனால் சிந்திக்கும் மனத்தின் இடத்தில் இறைவாக்கே, அதாவது இறைமகனே, இருந்தது என்று விளக்கினார். பார்வைக்கு இது கிறிஸ்துவை உயர்த்துவதாகவே தோன்றும். அக்கால ஆயர்களுள் ஒருவரான நாசியான்சு கிரகோரியார் குரு கிளெதோனியுஸுக்கு எழுதிய கடிதத்தில் இதற்குக் கொடுத்த மறுமொழி, இந்த விவாதங்கள் முழுமைக்கும் ஓர் அளவுகோலாகிவிட்டது: எது ஏற்கப்படவில்லையோ அது குணமாக்கப்படவில்லை, எது இறைவனோடு ஒன்றிணைந்ததோ அதுவே மீட்கப்படுகிறது. ஆதாமில் பாதி மட்டும் வீழ்ந்திருந்தால் கிறிஸ்து பாதியை மட்டும் ஏற்றால் போதும். முழுமையும் வீழ்ந்திருக்க, முழுமையையும் ஏற்க வேண்டாமா? அதிலும் கட்டளையை மீறியது மனம்தான். முதலில் நோயுற்றதும் அதுவே. ஆகவே மருந்து முதன்மையாகத் தேவைப்படுவதும் அதற்கே என்கிறார் அவர். 381-ஆம் ஆண்டுச் சங்கம் அப்போலினாரிஸின் போதனையை விலக்கியது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதிலேயே இருக்கிறது. கிறிஸ்துவின் வேலை போதிப்பது மட்டுமே என்றால் வடிவம் போதும். நோயுற்ற இயல்பையே எடுத்து உள்ளிருந்து குணமாக்குவது என்றால் வடிவம் போதாது.

சிலுவை மரணம் ‘மீட்புவிலை’ என்கிறோம். அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? (வாசகர், தூத்துக்குடி)

இந்த வினாவில் முன்னோர்கள் ஒருமித்து நிற்கவில்லை. பாவத்தால் மனிதர் அலகைக்கு, அதாவது சாத்தானுக்கு, அடிமையானார்கள், ஆகவே விலை அதற்கே கொடுக்கப்பட்டது என்ற எண்ணம் மூன்றாம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் ஒரிஜனிடம் காணப்படுகிறது. நீசா நகரின் ஆயர் கிரகோரியார் அதை ஒரு காட்சியாகவே வரைந்தார்: மனித உடல் தூண்டில் இரை, அதனுள் மறைந்திருக்கும் இறைத்தன்மை முள், இரையை விழுங்கிய அலகை முள்ளில் சிக்கிக்கொண்டது. இறைவன் ஏமாற்றலாமா என்ற கேள்வி அவருக்கே எழுந்து, ஏமாற்றியவனை ஏமாற்றியது நீதியே, அதுவும் குணமாக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டது என்று சமாதானம் சொல்கிறார். அவருடைய நண்பரான நாசியான்சு கிரகோரியாரோ இந்தக் கருத்தையே அருவருத்தார். கொள்ளைக்காரனுக்கு மீட்புவிலையா, அதுவும் இறைவனையே விலையாகவா என்று அவர் சீறுகிறார். தந்தைக்குக் கொடுக்கப்பட்டது என்றால், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட வந்தபோது ஏற்றுக்கொள்ளாத தந்தை தம் மகனின் இரத்தத்தில் மகிழ்வாரா என்றும் கேட்டுவிட்டு, அந்த இடத்தை மௌனத்தால் போற்றுவோம் என்று நிறுத்திக்கொள்கிறார்.

கிறிஸ்து யார் என்பதைச் சொல்லுக்குச் சொல் வரையறுத்த பண்டைய சங்கங்கள், அவருடைய மரணம் எவ்வாறு மீட்கிறது என்பதற்கு ஒரே விளக்கத்தை ஒருபோதும் கட்டாயமாக்கவில்லை. நம்பிக்கை அறிக்கை ‘நமக்காகவும் நம் மீட்புக்காகவும்’ என்பதோடு விட்டுவிடுகிறது. எனக்கு அது சரியான அடக்கமாகவே படுகிறது.

இவையெல்லாம் ஆயர்களும் அறிஞர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டவைதானே? பொதுமக்களுக்கு இதில் என்ன? (வாசகி, சேலம்)

நீசா கிரகோரியாரின் எரிச்சலைக் கேளுங்கள். கான்ஸ்தாந்திநோபிளில் நாணயம் மாற்றுபவரிடம் சில்லறை கேட்டால் பிறந்தவரையும் பிறவாதவரையும் பற்றி விளக்குகிறாராம். ரொட்டி என்ன விலை என்றால், தந்தை பெரியவர், மகன் தாழ்ந்தவர் என்கிறாராம் கடைக்காரர். குளிக்க வெந்நீர் தயாரா என்றால், மகன் இல்லாமையிலிருந்து வந்தவர் என்கிறானாம் பணியாள். கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பார், கற்பனை என்று தள்ளுவதற்கில்லை.

கேரளத்தில் உள்ள எங்கள் உறவினர்கள், தங்கள் முன்னோர் ஒருகாலத்தில் ‘நெஸ்தோரியர்’ என்று குற்றஞ்சாட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். நெஸ்தோரியுஸ் என்ன சொன்னார்? (வாசகர், நாகர்கோவில்)

428-இல் கான்ஸ்தாந்திநோபிளின் ஆயரான நெஸ்தோரியுஸ், மரியாளை ‘இறைவனைப் பெற்றவர்’ என்று அழைப்பதைக் கண்டித்து, ‘கிறிஸ்துவைப் பெற்றவர்’ என்பதே பொருத்தம் என்றார். இறைத்தன்மைக்குப் பிறப்பும் இறப்பும் கிடையாது. பசித்ததும் அழுததும் இறந்ததும் மனித இயல்பு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது என்பது அவர் கற்ற அந்தியோக்கியாப் பள்ளியின் அக்கறை. அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரிலுக்கோ, இது ஒரு கிறிஸ்துவை இருவராகப் பிளப்பதாகத் தோன்றியது. சிலுவையில் இறந்தவர் இறைவாக்கோடு நெருக்கமாக இணைக்கப்பட்ட ஒரு மனிதர் மட்டுமே என்றால், ஒரு மனிதரின் மரணம் உலகை எப்படி மீட்கும்? நற்கருணையில் நாம் உண்பது வாக்கின் சொந்த உடல் அன்று என்றால், அது எப்படி உயிர் தரும்? துன்பத்துக்கு அப்பாற்பட்டவரே தம் சொந்த உடலில் துன்புற்றார் என்று அவர் வலிந்து சொன்னார்.

கேள்வி ஆழமானது, அதைத் தீர்த்த விதம் அவ்வளவு உயர்ந்ததாக இல்லை. 431 ஜூன் 22 அன்று எபேசில், அந்தியோக்கியாவின் ஆயர் யோவான் வந்துசேரும் முன்னரே சிரில் சங்கத்தைத் தொடங்கி, ஒரே நாளில் நெஸ்தோரியுஸைப் பதவிநீக்கினார். சில நாள்களில் வந்த யோவான் தனிக்கூட்டம் நடத்திச் சிரிலைப் பதவிநீக்கினார். அதன்பின் அலெக்சாந்திரியாவிலிருந்து அரண்மனை அதிகாரிகளுக்குப் போன அன்பளிப்புகளின் பட்டியல் இன்றும் இருக்கிறது: பொன், விரிப்புகள், யானைத்தந்த நாற்காலிகள். ஆயினும் 433-இல் சிரிலும் யோவானும் சமரசத்துக்கு வந்தார்கள். நெஸ்தோரியுஸ் எகிப்தியப் பாலைவனத்தில் நாடுகடத்தலிலேயே இறந்தார். அவர் அங்கே எழுதிய தன்விளக்க நூல் சிரியாக் மொழிபெயர்ப்பில் கண்டெடுக்கப்பட்டு 1910-இல் அச்சேறியபின், அவர்மீது சுமத்தப்பட்ட ‘இரண்டு மகன்கள்’ கொள்கை அவருடையது தானா என்ற ஐயம் அறிஞரிடையே வலுத்தது. எனக்கும் அந்த ஐயம் உண்டு.

451-இல் கால்செதோன் சங்கம், ஒரே கிறிஸ்து இரு இயல்புகளில், குழப்பமின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, விலகலின்றி இருக்கிறார் என்று வரையறுத்தது. நான்கும் எதிர்மறைகள் என்பதைக் கவனியுங்கள். இரண்டும் எப்படி ஒன்றாயின என்பதற்கு அது விளக்கம் தரவில்லை, வேலி மட்டுமே போட்டது. ‘வாக்கின் மனுவுருவான ஒரே இயல்பு’ என்ற சிரிலின் தொடரைக் கைவிட மறுத்த எகிப்து, சிரியா, ஆர்மீனியத் திருச்சபைகள் காலப்போக்கில் விலகின. அந்தத் தொடர் அத்தனாசியுஸுடையது என்று நம்பித்தான் சிரில் அதை எடுத்தாண்டார். உண்மையில் அது அப்போலினாரிஸின் எழுத்து.

இனி உங்கள் உறவினர்களைப் பற்றி. உரோமைப் பேரரசுக்கு வெளியே பாரசீகத்தில் இருந்த கீழைத் திருச்சபை எபேசை ஏற்கவில்லை. மலபார்க் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகள் அங்கிருந்தே ஆயர்களைப் பெற்றார்கள். நம் பரங்கிமலைச் சிலுவையில் பகலவி என்னும் பழைய பாரசீக மொழியில் உள்ள கல்வெட்டும் அந்தப் பாரசீகத் தொடர்பின் சுவடே. 1599-இல் கோவாப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் அவர்களுடைய சிரியாக் நூல்களை நெஸ்தோரியக் கொள்கை உடையவை என்று கூறித் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. அதன் கசப்பு 1653-இல் மட்டாஞ்சேரியில், இயேசு சபையினருக்கு இனிப் பணிவதில்லை என்ற ‘கூனன் குரிசு’ உறுதிமொழியாக வெடித்தது. பிரிந்தவர்களுக்கு 1665-இல் வந்துசேர்ந்த ஆயர் கிரகோரியோஸ், கால்செதோனை மறுத்த மேலைச் சிரியத் திருச்சபையைச் சேர்ந்தவர். கிறிஸ்துவின் இரு இயல்புகளை அழுத்திச் சொன்ன மரபில் வந்த சமூகத்தின் ஒரு பகுதி, இவ்வாறு ‘ஒரே இயல்பு’ என்ற மரபுக்குள் படிப்படியாகச் சென்றது. திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட கல்தேய சிரியத் திருச்சபை இன்றும் கீழைத் திருச்சபையின் உறுப்பாகவே இருக்கிறது. 1994 நவம்பர் 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அந்தத் திருச்சபையின் தலைவர் மார் தின்காவும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, கிறிஸ்துவைப் பற்றி இருதரப்பும் ஒரே நம்பிக்கையையே அறிக்கையிடுவதாகவும், ‘இறைவனின் தாய்’, ‘கிறிஸ்துவின் தாய்’ என்ற இரு வழக்குகளும் முறையானவையே என்றும் ஏற்றது.

கால்செதோனோடு விவாதம் ஓய்ந்ததா? (வாசகி, கும்பகோணம்)

இல்லை. ஏழாம் நூற்றாண்டில் சிரியாவும் எகிப்தும் கைநழுவிக்கொண்டிருந்த காலத்தில், பிரிந்துபோனவர்களைத் திரும்பச் சேர்க்க விரும்பிய பேரரசர்கள், கிறிஸ்துவுக்கு இரு இயல்புகள் இருந்தாலும் விருப்பம் ஒன்றே என்ற சமரசத்தை முன்வைத்தார்கள். துறவி மாக்சிமுஸ் அதை ஏற்கவில்லை. கெத்சமனியில் ‘என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே ஆகட்டும்’ என்று வேண்டியவருக்கு மனித விருப்பமே இல்லை என்றால், அந்த வேண்டுதல் நடிப்பாகிவிடும். ஆதாம் மீறியது விருப்பத்தால்தான் என்றிருக்க, கிறிஸ்து அதை ஏற்காவிட்டால் நம் விருப்பம் நோயோடேயே கிடக்கும். நாசியான்சு கிரகோரியாரின் அதே அளவுகோல்தான் இது. பேரரசின் ஆணைப்படி மாக்சிமுஸின் நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன. 662-இல் கருங்கடலின் கிழக்குக் கரைப் பகுதியில் நாடுகடத்தலில் இறந்தார். 680-இல் தொடங்கி 681-இல் முடிந்த கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் கிறிஸ்துவுக்கு இரு விருப்பங்கள் உண்டு என்று வரையறுத்ததோடு, ‘ஒரே விருப்பம்’ என்ற சொல்லுக்குத் தம் கடிதத்தில் இடங்கொடுத்துவிட்டு 638-இலேயே இறந்துபோயிருந்த திருத்தந்தை ஹொனோரியுஸையும் பெயர் சொல்லிக் கண்டித்தது.